ஊசி குத்திக்கொண்டால் ஜனவரிக்குள் முதுகு சரியாகுமா?

கேள்வி: எனக்கு 43 வயது. செம்பூரில் வீடு, ஃபோர்ட்டில் வங்கி வேலை. ஆறு வருடமாக ஓடுகிறேன். மும்பை மாரத்தானில் அரை மாரத்தான் (21 கிலோமீட்டர்) மூன்று முறை முடித்திருக்கிறேன். இரண்டு வருடமாகக் கீழ் முதுகில் வலி. ஓட ஆரம்பிக்கும்போது இருக்காது. எட்டாவது கிலோமீட்டருக்கு மேல் மெல்லப் பிடிக்கும். மறுநாள் ஆபீஸ் நாற்காலியிலிருந்து எழுந்தால் நிமிரவே ஒரு நிமிடம் ஆகும். இரண்டு வருடமும் தீபாவளி சமயத்தில்தான் மோசமானது. எம்ஆர்ஐயில் எல்4-எல்5 டிஸ்க் பல்ஜ், அதாவது கீழ் முதுகெலும்புகளுக்கு நடுவே உள்ள ஜவ்வு பிதுங்கியிருக்கிறது என்று வந்தது. காலுக்கு வலி இறங்கவில்லை. மாத்திரை, பெல்ட், கரண்ட் ஒத்தடம் எல்லாம் பார்த்தாயிற்று. கூட ஓடும் தோழி, அக்குபங்சரில் நாலே சிட்டிங்கில் தனக்குச் சரியாகிவிட்டது என்கிறாள். அங்கே பத்து சிட்டிங்குக்கு மொத்தமாகப் பணம் கட்டினால் தள்ளுபடியாம். கணவருக்கு ஊசி என்றாலே 'சீனாக்காரன் வித்தை'. ஓட்டத்தை நிறுத்து, அதுதான் மருந்து என்கிறார். நாகர்கோவிலில் இருக்கும் அம்மா, ஊரில் ஒரு அக்கு ஹீலர் கையைத் தொட்டே குணப்படுத்துகிறார், அவரிடம் போனால் தைராய்டு மாத்திரையைக்கூட நிறுத்திவிடலாம் என்கிறார். இப்போது மழை, ஓட்டமும் குறைவு, வலியும் குறைவு. நான் யார் பேச்சைக் கேட்பது? ஜனவரியில் ஓட முடியுமா?
— வாசகி, செம்பூர்

பதில்:

தோழி சொல்வதைப் பாதி கேட்கலாம். கணவர் சொல்வதைக் கேட்க வேண்டாம். அம்மா சொல்வதில் மாத்திரை விஷயத்தைக் காதிலேயே போட்டுக்கொள்ளாதீர்கள்.

நான் பிஸியோதெரபிஸ்ட். அக்குபங்சர் படித்தவனில்லை. ஆனால் இறுகிய தசையில் ஊசி குத்தும் ட்ரை நீட்லிங்கை நானும் செய்கிறவன்தான். ஆகவே ஊசி மேல் எனக்குப் பகையும் இல்லை, பக்தியும் இல்லை. அதை மனதில் வைத்துக்கொண்டு மற்றதைப் படியுங்கள்.

நாள்பட்ட முதுகு வலிக்கு அக்குபங்சர் கேட்குமா என்பதை உலகத்தில் நிறையப் பேர் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அதில் 2007இல் வெளிவந்த ஜெர்மன் ஆய்வு ஒன்றை உங்களுக்குச் சொல்ல வேண்டும். 1162 பேர். சராசரியாக எட்டு வருடம் முதுகு வலியோடு இருந்தவர்கள். அவர்களை மூன்று கூட்டமாகப் பிரித்தார்கள். ஒரு கூட்டத்துக்கு முறைப்படியான அக்குபங்சர். இரண்டாவது கூட்டத்துக்குப் போலி அக்குபங்சர், அதாவது அக்கு புள்ளிகளே இல்லாத இடத்தில் மேலோட்டமாக ஊசி குத்துவது. மூன்றாவது கூட்டத்துக்கு வழக்கமான மாத்திரை, பிஸியோ, உடற்பயிற்சி. ஆறு மாதம் கழித்துப் பார்த்தால், முதல் கூட்டத்தில் சுமார் 48 சதவீதம் பேருக்கு நல்ல குணம். போலி ஊசிக் கூட்டத்தில் 44 சதவீதம். வழக்கமான சிகிச்சையில் 27 சதவீதம்தான்.

இந்த மூன்று எண்களில் எதைப் பார்க்கிறோம் என்பதைப் பொறுத்து ஆளுக்கொரு கட்சி. 48ஐயும் 27ஐயும் பார்ப்பவர், ஊசி பிரமாதம் என்பார். 48ஐயும் 44ஐயும் பார்ப்பவர், எங்கே குத்தினாலும் ஒன்றுதான், எல்லாம் மனப்பிரமை என்பார். சிகிச்சை வழிகாட்டிகளும் இப்படித்தான் முட்டிக்கொள்கின்றன. பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2009இல் முதுகு வலிக்கு அக்குபங்சரைப் பரிந்துரைத்தது. 2016இல் வேண்டாம் என்று எடுத்துவிட்டது. அடுத்த வருடமே அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்ற மருத்துவர் சங்கம், நாள்பட்ட முதுகு வலிக்கு மாத்திரைக்கு முன்னால் முயன்று பார்க்க வேண்டியவற்றில் அதையும் சேர்த்தது. உலக சுகாதார நிறுவனத்தின் 2023 வழிகாட்டியும் சில நிபந்தனைகளோடு சரி என்கிறது.

என் கருத்து என்னவென்றால், புள்ளிகள், நாடி ஓட்டம் பற்றிய கோட்பாடு பெரிதாக நிரூபணமாகவில்லை. ஆனால் வலி குறைவது பொய்யில்லை. அரை மணி நேரம் அசையாமல் படுத்திருக்கிறோம், ஒருவர் அக்கறையாக விசாரிக்கிறார், ஊசி போகும் இடத்தில் தசையும் நரம்பும் தூண்டப்படுகின்றன, மூளை வலியின் சத்தத்தைக் கொஞ்சம் குறைத்து வைக்கிறது. எல்லாம் சேர்ந்துதான் அந்தக் குணம். சிலருக்குச் சில வாரம் நிற்கும், சிலருக்குச் சில மாதம் நிற்கும். உங்கள் தோழிக்கு நாலு சிட்டிங்கில் நின்றிருக்கலாம். முதுகு வலி தானாகவே ஏறி இறங்கும் என்பதால், வலி உச்சத்தில் இருக்கும்போது எந்த வைத்தியம் தொடங்கினாலும் அதற்குக் கொஞ்சம் இலவசப் பெயர் கிடைத்துவிடும் என்பதும் உண்மை.

சரி, உங்கள் முதுகுக்கு வருவோம். உங்கள் கடிதத்திலேயே பதில் இருக்கிறது. இரண்டு வருடமும் தீபாவளி சமயத்தில் என்று எழுதியிருக்கிறீர்கள். ஏன் தீபாவளி?

மும்பையில் ஓடுகிறவர்களின் நாட்காட்டியை யோசித்துப் பாருங்கள். ஜூனில் மழை பிடித்தால் செப்டம்பர் வரை ஓட்டம் பாதியாகிவிடும். ரோட்டில் தண்ணீர், பள்ளம், கால் வழுக்கும் என்று பயம். மழை விட்டதும் மாரத்தான் நடக்கும் ஜனவரி மூன்றாவது ஞாயிறு கண்முன் நிற்கும். வாரம் 15 கிலோமீட்டர் ஓடிக்கொண்டிருந்தவர்கள் மூன்று வாரத்தில் 40க்குப் போய்விடுவார்கள், அதுவும் அக்டோபர் புழுக்கத்தில். மூச்சு ஈடுகொடுத்துவிடும். ஆனால் முதுகையும் இடுப்பையும் தாங்கும் தசைகளுக்கு நாலு மாதமாக வேலையே இல்லை. நவம்பர் பிறக்கும்போது என்னிடம் முதுகைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களில் பெரும்பாலோர் கதை இதுதான். எட்டு கிலோமீட்டர் வரை ஒன்றுமில்லை, அதற்கு மேல் பிடிக்கிறது என்பதும் அதையே காட்டுகிறது. எட்டு வரை தாங்க உங்களிடம் பலம் இருக்கிறது. அதற்கு மேல் இல்லை. இந்த வலியை ஊசி ஆற்றும். ஒன்பதாவது கிலோமீட்டருக்கான பலத்தை அது கொடுக்காது.

அந்த எம்ஆர்ஐ ரிப்போர்ட்டைப் பீரோவில் வைத்துவிடுங்கள். முதுகு வலியே இல்லாதவர்களை ஸ்கேன் எடுத்துப் பார்த்த ஆய்வுகளைத் தொகுத்தபோது, 40 வயதுக்காரர்களில் பாதிப் பேருக்கு டிஸ்க் பல்ஜ் இருந்தது. நம் ஆட்கள் ஜவ்வு விலகிவிட்டது, தேய்ந்துவிட்டது என்று பேசிப் பேசியே முதுகைக் கண்ணாடிப் பாத்திரம் ஆக்கிவிடுகிறார்கள். ஓடினால் டிஸ்க் தேயும் என்பதும் அப்படியொரு பேச்சுதான். 2017இல் வந்த ஓர் ஆய்வில், நீண்ட நாளாக ஓடுகிறவர்களின் டிஸ்க்குகள், விளையாட்டே இல்லாதவர்களின் டிஸ்க்குகளைவிட நீர்ச்சத்தோடு நல்ல நிலையில் இருந்தன. இதைக் கணவரிடம் படித்துக் காட்டுங்கள். நீங்கள் ஓட்டத்தை நிறுத்தி, மீதி நேரமெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்தால் வலி கூடத்தான் வாய்ப்பு.

அப்புறம், அவருடைய 'சீனாக்காரன் வித்தை'க்கு ஒரு வரி. 1938இல் இங்கிருந்து மருத்துவ உதவிக்காகச் சீனாவுக்குப் போன ஐந்து இந்திய டாக்டர்களில் கோட்னிஸ், பரேலில் உள்ள ஜி.எஸ். மருத்துவக் கல்லூரியில் படித்தவர். அதே குழுவில் போன வங்காளி டாக்டர் பாசு பிற்பாடு சீனாவில் அக்குபங்சர் கற்றுக்கொண்டு வந்து கல்கத்தாவில் செய்ய ஆரம்பித்தார். இந்த நாட்டில் அதற்கு அறுபது வருடத்துக்கு மேல் வயதாகிவிட்டது.

ஆகவே அக்குபங்சருக்குப் போங்கள், ஆனால் கணக்கோடு போங்கள். மொத்தப் பணம் கட்டாதீர்கள், எவ்வளவு தள்ளுபடி சொன்னாலும் சரி. முதல் சிட்டிங்குக்கு முன்னால் ஒரு நோட்டில் இரண்டே விஷயம் எழுதுங்கள்: எத்தனையாவது கிலோமீட்டரில் பிடிக்கிறது, திங்கட்கிழமை ஆபீஸில் எழுந்து நிமிர எவ்வளவு நேரமாகிறது. இப்போது மழையில் நீங்கள் எட்டு கிலோமீட்டர் ஓடுவதே அபூர்வமாக இருக்கலாம். அப்படியானால் வலி குறைந்ததற்கு ஊசிதான் காரணமா, மழைதான் காரணமா என்று தெரியாது. அதனால் ட்ரெட்மில்லிலாவது சொசைட்டி வளாகத்திலாவது பத்து கிலோமீட்டர் மெதுவாக ஓடிப் பார்த்துவிட்டு எழுதுங்கள். வாரம் இரண்டு வீதம் ஆறு சிட்டிங் முடிந்ததும் மறுபடி ஓடிப் பாருங்கள். அந்த எண்கள் நகரவே இல்லை என்றால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடலாம். கெட்ட நீர் வெளியேறுகிறது, முதலில் வலி கூடித்தான் குறையும் என்று யாராவது இழுத்தால் நம்ப வேண்டாம். நகர்ந்திருந்தால் பத்து சிட்டிங் வரை போங்கள், போதும். அமெரிக்காவில் முதியோருக்கான மெடிகேர் காப்பீடு 2020இலிருந்து இதற்குப் பணம் கொடுக்கிறது; அங்கேயும் 90 நாளில் 12 சிட்டிங், முன்னேற்றம் தெரிந்தால்தான் மேலும் எட்டு. காப்பீட்டுக்காரர்கள் கறாரானவர்கள். இந்த விஷயத்தில் அவர்களைப் பின்பற்றுவதில் தப்பில்லை.

ஆள் யார் என்று பார்ப்பது எளிது. அக்குபங்சரை மத்திய அரசு 2019இல் தனிச் சிகிச்சை முறையாக அங்கீகரித்தது. மகாராஷ்டிராவில் அதற்கென்று தனிச் சட்டமும் கவுன்சிலும் உண்டு. கவுன்சில் பதிவு இருக்கிறதா என்று கேளுங்கள். கேட்டதற்குக் கோபப்படுகிறவரிடம் படுக்க வேண்டாம். ஊசிப் பொட்டலம் உங்கள் கண்ணெதிரே பிரிக்கப்பட வேண்டும், முடிந்ததும் ஊசிகள் கூர்முனைக் கழிவுக்கான டப்பாவில் விழ வேண்டும். உங்கள் ஊசியைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன், அடுத்த தடவைக்கும் அதுதான் என்று சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். ஆஸ்பிரின் போன்ற ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை ஏதாவது சாப்பிட்டால் முன்கூட்டியே சொல்ல வேண்டும். வெறும் வயிற்றில் போகாதீர்கள். ஆபீஸ் முடிந்து ஹார்பர் லைன் ரயிலில் நின்றுகொண்டே வந்து நேராகப் போய்ப் படுத்தால் சிலருக்குத் தலை சுற்றும். ஊசி கால் மில்லிமீட்டர் தடிமன்தான். எறும்பு கடித்த மாதிரி இருக்கும், பிறகு உள்ளே மந்தமாக ஒரு கனம் பரவும். நெஞ்சுக்கூட்டின் பின்பக்கம் ஆழமாகக் குத்தினால் நுரையீரலில் பட்டுவிடும் ஆபத்து உண்டு. அபூர்வம்தான், ஆனால் உங்கள் வலி கீழ் முதுகில் இருக்கும்போது மேல் முதுகில் ஆழமாகக் குத்த அவசியமே இல்லை.

சிட்டிங் நாளன்று நீண்ட ஓட்டம் கூடாது. அன்றைக்கு முதுகு லேசாக மரத்த மாதிரி சுகமாக இருக்கும். அந்தச் சுகத்தில் 14 கிலோமீட்டர் ஓடிவிட்டு மறுநாள் அழுதவர்களை எனக்குத் தெரியும்.

வலி குறைந்திருக்கும் இந்தச் சில வாரங்களில் செய்ய வேண்டிய வேலைதான் உங்களுக்கு உண்மையான மருந்து. வாரத்துக்கு இரண்டு நாள், அரை மணி நேரம். வீட்டில் ஒட்டடைக் கம்பு இருக்குமே, அதன் முனையைக் கழற்றிவிட்டு முதுகோடு நிமிர்த்திப் பிடியுங்கள். பின்தலை, தோள்பட்டைகளுக்கு நடுவே, வால் எலும்பு, மூன்று இடத்திலும் கம்பு தொட வேண்டும். முழங்காலை லேசாக மடக்கி, பிட்டத்தைப் பின்னால் தள்ளிக்கொண்டே குனியுங்கள். மூன்றில் ஓர் இடத்தில் கம்பு விலகினாலும் முதுகை வளைக்கிறீர்கள் என்று அர்த்தம், நிறுத்தி மறுபடி ஆரம்பியுங்கள். தொடையின் பின்பக்கம் இழுத்துப் பிடிக்கும். அங்கேதான் பிடிக்க வேண்டும். இது கைவந்ததும் கம்பை வைத்துவிட்டு, ஐந்து கிலோ அரிசிப் பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அதே மாதிரி குனிந்து நிமிருங்கள். பத்து தடவை, மூன்று சுற்று. மூன்று வாரத்தில் பத்து கிலோ பைக்குப் போகலாம். அதற்கு மேல் ஜிம்தான், அங்கே டெட்லிஃப்ட் என்று சொல்வார்கள், பயப்படாதீர்கள். கூடவே சைட் பிளாங்க் (ஒருக்களித்துப் படுத்து, முழங்கையை ஊன்றி உடம்பைத் தூக்கி நிறுத்துவது), ஒற்றைக் காலில் படியில் நின்று குதிகால் தூக்குவது. இவை போதும். யூடியூபில் வரும் முப்பது விதமும் வேண்டாம்.

ஓட்டத்தை மழையிலும் முழுதாக விடாமல் வாரம் மூன்று நாள் பிடித்துக்கொள்ளுங்கள், ஐந்து ஐந்து கிலோமீட்டராக இருந்தாலும் சரி. அக்டோபரில் முந்தைய வாரத்தைவிட இரண்டு மூன்று கிலோமீட்டருக்கு மேல் ஏற்றாதீர்கள். ஓடும்போது வலி பத்துக்கு மூன்று வரை இருந்து மறுநாள் காலைக்குள் அடங்கிவிட்டால் அது பரவாயில்லை. மறுநாளும் நீடித்தால் அடுத்த ஓட்டத்தைச் சுருக்குங்கள். பெல்ட்டை ரயில் நெரிசலுக்கு வேண்டுமானால் கட்டிக்கொள்ளலாம், ஓடும்போது வேண்டாம்.

அம்மா சொன்ன ஹீலர் விஷயம். நான் மேலே சொன்ன ஆய்வுகளெல்லாம் ஊசி குத்திச் செய்தவை. ஒரு விரலால் ஒரு புள்ளியைத் தொட்டு அனுப்புவதற்கு அந்த எண்களைக் கடன் வாங்க முடியாது. அம்மாவின் மனசுக்காக ஊருக்குப் போகும்போது ஒருநாள் போய்த் தொடவிட்டு வந்தாலும் கெடுதல் இல்லை. ஆனால் தைராய்டு மாத்திரையை நிறுத்தினால், சில வாரத்தில் அசதியும் தசை வலியும் சேர்ந்துகொள்ளும். முதுகு வலி எது, தைராய்டு வலி எது என்று பிறகு யாராலும் பிரிக்க முடியாது. தைராய்டு அளவைக் காட்டும் டிஎஸ்எச் ரத்தப் பரிசோதனையைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்? ஆறு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தால் இந்த வாரமே பார்த்துவிடுங்கள்.

ஊசிக்கும் அரிசிப் பைக்கும் முன்னால் டாக்டரைப் பார்க்க வேண்டிய சில அறிகுறிகள் உண்டு. எம்ஆர்ஐ எடுத்து எவ்வளவு நாளாயிற்று என்று நீங்கள் எழுதவில்லை, அதனால் சொல்கிறேன். சாயங்கால ஜுரம், காரணமில்லாமல் எடை குறைவது, படுத்தாலும் ராத்திரி முழுக்க வலி: மும்பையில் இருந்துகொண்டு முதுகெலும்பு டிபியை மறக்கக் கூடாது. காலையில் அரை மணி நேரத்துக்கு மேல் விறைப்பு, நடமாடினால் மட்டும் குறைவது, விடியற்காலையில் வலியால் விழித்துக்கொள்வது என்றால் வாத நோய் நிபுணரைப் பாருங்கள். வலி பெல்ட்டுக்குக் கீழே ஒரே பக்கத்தில், விரல் வைத்துக் காட்டுகிற மாதிரி இருந்து, அந்தக் காலால் குதித்தால் சுருக்கென்றால் அது முதுகெலும்பின் அடியில் இடுப்போடு சேரும் சேக்ரம் எலும்பில் விழுந்த விரிசலாக இருக்கலாம். முதுகு எம்ஆர்ஐயில் அது சில சமயம் தப்பிவிடும். நிறைய ஓடிக் கொஞ்சமாகச் சாப்பிடும் பெண்களுக்கு, மாதவிலக்கு தவறும் சமயத்தில், இது அதிகம். சிறுநீர் கட்டிக்கொள்வது, பிறப்புறுப்பைச் சுற்றி மரத்துப்போவது, கால் பலம் குறைவது என்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

கடைசியாக ஜனவரி. டிசம்பர் இரண்டாவது வாரத்தில் 16 கிலோமீட்டர் ஓடிவிட்டு மறுநாள் நாற்காலியிலிருந்து சாதாரணமாக எழுந்துவிட்டால், அரை மாரத்தான் ஓடுங்கள். நேரத்தைப் பார்க்காமல் ஓடுங்கள். வழியில் வரும் பெத்தர் ரோடு ஏற்றத்தில் நடந்தால் யாரும் ஒன்றும் சொல்லப்போவதில்லை. அந்த 16 வரவில்லை என்றால் இந்த வருடம் வேண்டாம். பிப்ரவரியில் சொசைட்டிக்குள்ளேயே ஓட்டத்தைத் தொடர்ந்து, அடுத்த மழைக்கும் நிறுத்தாமல் போய்ப் பாருங்கள். ஆறு சிட்டிங் முடிந்ததும் அந்த நோட்டில் என்ன எழுதினீர்கள் என்று எனக்கும் எழுதுங்கள்.